சிவில் 3டி-யில் ஃபீச்சர் லைன் வைத்து கிரேடிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோடு, மனை வடிவமைக்கும் சாஃப்ட்வேரான ஆட்டோடெஸ்க் சிவில் 3டி-யில் அலைன்மென்ட் (ரோட்டின் மையக்கோடு), ப்ரொஃபைல் (அதன் நீளவாக்கு லெவல்), காரிடார் (ரோட்டின் 3டி வடிவம்) எல்லாம் நன்றாகப் பழகியவர்கள்கூட, "இந்த பில்டிங்கைச் சுற்றி கிரேடிங் பண்ணிக் கொடுங்கள்" என்றதும் கொஞ்சம் தடுமாறுவார்கள். கிரேடிங் என்றால் தரையின் லெவலையும் சரிவையும் வடிவமைப்பது. ரோட்டுக்கு ஒரு சென்டர் லைன் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். யார்டு, பார்க்கிங், குளம், கட்டட மேடை போன்றவற்றில் அப்படி ஒரு பிடி கிடையாது. அங்கே ஃபீச்சர் லைன்தான் பிடி. அதைப் பற்றி மறுபடி மறுபடி கேட்கப்படும் கேள்விகள் இவை. அளவுகள் மீட்டரில். அமெரிக்க வேலை செய்கிறவர்களுக்கு அங்கங்கே அடிக்கணக்கும் உண்டு.

ஃபீச்சர் லைன் என்பது என்ன? 3டி பாலிலைன் போதாதா?

ஒவ்வொரு முனையிலும் லெவல் தாங்கிய கோடு அது. அந்த அளவில் 3டி பாலிலைனும் அதேதான். ஆனால் 3டி பாலிலைனில் வளைவு வராது. ஆர்க் போட வேண்டிய இடத்தில் துண்டு துண்டாக நேர்கோடுகள்தான். ஃபீச்சர் லைனில் உண்மையான ஆர்க் இருக்கும். கெர்ப் (ரோட்டோர விளிம்புக்கல்) திரும்புகிற மூலைக்கு 6 மீட்டர் ரேடியஸ் கொடுத்தால் அது 6 மீட்டர் ரேடியஸாகவே நிற்கும், பிறகு மாற்றவும் முடியும்.

இதைவிடப் பெரிய லாபம் லெவல் திருத்துவதில். எலிவேஷன் எடிட்டரைத் திறந்தால் கீழே பனோரமா விண்டோவில் ஒவ்வொரு புள்ளியின் லெவல், அடுத்த புள்ளிவரை நீளம், இடையில் உள்ள கிரேடு எல்லாம் அட்டவணையாக வரும். லெவலையோ கிரேடையோ மாற்றினால் மற்றவை கணக்காகிவிடும். 3டி பாலிலைனில் இதையே ஒவ்வொரு வெர்டெக்ஸாக (முனைப்புள்ளியாக) பிடித்துச் செய்யவேண்டும்.

ஒரு குறை உண்டு. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே லெவல் நேர்கோடாகத்தான் ஏறும், இறங்கும். வெர்டிகல் கர்வ் (லெவலில் வளைவு) கிடையாது. அது வேண்டுமென்றால் அலைன்மென்ட், ப்ரொஃபைல் போட்டு, அதிலிருந்து ஃபீச்சர் லைன் எடுக்கவேண்டும். அந்த இணைப்பை டைனமிக்காக வைத்தால் ப்ரொஃபைல் மாறும்போது கோடும் மாறும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? எந்தெந்த இடத்தில் கோடு வேண்டும்?

சாஃப்ட்வேரைத் திறக்காமல் ஆரம்பிப்பதுதான் நல்லது. சைட் பிளானை ஒரு தாளில் பிரின்ட் எடுத்து, மழைத் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகவேண்டும் என்று அம்புக்குறி போடுங்கள். அப்புறம், எந்தெந்த இடத்தில் லெவல் உங்கள் கையில் இல்லை என்று குறியுங்கள்: ஏற்கனவே இருக்கும் ரோட்டின் ஓரம், பக்கத்து மனையின் எல்லை, கட்டடத்தின் முடிப்புத் தளம், வடிகால் போய்ச் சேரும் குழாயின் இன்வெர்ட் (உள் அடிமட்டம்). இவை நகராத லெவல்கள். மற்றதெல்லாம் இவற்றுக்கு நடுவே நீங்கள் கொடுக்கும் வாட்டம்.

சரிவு எங்கே மாறுகிறதோ அங்கே ஒரு கோடு வேண்டும். மேடு முடிந்து பள்ளம் தொடங்கும் இடம், தண்ணீர் ஓடும் அடிக்கோடு, தண்ணீர் பிரியும் உச்சிக்கோடு, கெர்ப், கரையின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு. சரிவு மாறாத இடத்தில் கோடு வேண்டாம். கல்யாணப் பந்தலில் கழி கட்டாத இடத்தில் துணி தொய்ந்து மழைத்தண்ணீர் தேங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சர்ஃபேஸும் (கோடுகளின் லெவல்களை முக்கோணங்களால் இணைத்து சாஃப்ட்வேர் உருவாக்கும் தரைப்பரப்பு) அப்படித்தான். கோடு விட்டுப்போன இடத்தில் முக்கோணங்கள் தம் இஷ்டத்துக்குத் தாவி, கான்டூர் (சம உயரக் கோடு) அங்கே தொய்வாகக் காட்டும்.

ஆனால் இதற்குப் பயந்து எங்கு பார்த்தாலும் கோடு போடுகிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: ஒவ்வொரு இடத்தின் லெவலுக்கும் ஒரே ஒரு கோடு சொந்தக்காரனாக இருக்கட்டும். ஒரே மூலையை மூன்று கோடுகள் ஆளுக்கொரு லெவலில் தாங்கிக்கொண்டிருந்தால், டிசைன் மாறுகிற அன்று மூன்றையும் திருத்தவேண்டும். நிச்சயம் ஒன்று விட்டுப்போகும்.

நேரடியாக வரைவதா, பாலிலைனை மாற்றுவதா?

கட்டட விளிம்பு, கெர்ப், யார்டு ஓரம் போன்றவை ஆர்க்கிடெக்ட் கொடுத்த பிளானில் ஏற்கனவே பாலிலைனாக இருக்கும். அவற்றை "கிரியேட் ஃபீச்சர் லைன்ஸ் ஃப்ரம் ஆப்ஜெக்ட்ஸ்" மூலம் மாற்றுவதுதான் சரி. மேலே மறுபடி வரைந்தால் 3 மில்லிமீட்டர் தள்ளி விழும். எக்ஸ்ரெஃபில் (இணைத்துவைத்த வேறு டிராயிங்கில்) உள்ள கோட்டையும் இந்தக் கட்டளையால் எடுக்கலாம். மாற்றும் முன் பாலிலைனைச் சுத்தம் செய்யுங்கள். ஓவர்கில் (இரட்டிப்பானவற்றை நீக்கும் கட்டளை) ஓட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் வெர்டெக்ஸ்களை நீக்குங்கள். பின்னால் வரும் பாதித் தொல்லை அந்த இரட்டைப் புள்ளிகளால்தான்.

மாற்றும் டயலாக்கில் "அசைன் எலிவேஷன்ஸ்" என்று ஒரு டிக் இருக்கும். ஒரே லெவலை மொத்தக் கோட்டுக்கும் கொடுக்கலாம், அல்லது சர்ஃபேஸிலிருந்து எடுக்கலாம். கட்டட மேடைக்கு முதல் வழி. ஏற்கனவே உள்ள தரையோடு ஒட்டவேண்டிய ஓரத்துக்கு இரண்டாவது.

பிளானில் இல்லாத கோடுகளை, அதாவது உச்சிக்கோடு, புல்தரையில் ஓடும் வாய்க்காலின் அடி போன்றவற்றை, நேரடியாக வரைவதே வேகம். வரையும்போதே ஒவ்வொரு புள்ளிக்கும் லெவல், கிரேடு, ஸ்லோப், லெவல் வித்தியாசம், சர்ஃபேஸ், ட்ரான்சிஷன் என்று கேட்கும். இதில் ட்ரான்சிஷனைப் பலர் கவனிப்பதில்லை. முதல் புள்ளிக்கு லெவல் கொடுத்து, நடுப்புள்ளிகளுக்கெல்லாம் ட்ரான்சிஷன் என்று சொல்லிக்கொண்டே போய், கடைசிப் புள்ளிக்கு லெவல் கொடுத்தால், நடுவில் உள்ளவை எல்லாம் ஒரே சீரான வாட்டத்தில் விழுந்துவிடும்.

2 என்று டைப் அடித்தால் அது 2 சதவீதமா, 2-க்கு 1-ஆ?

எந்த முறையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கிரேடு என்றால் சதவீதம். 2 என்றால் 100 மீட்டருக்கு 2 மீட்டர் ஏற்றம். ஸ்லோப் என்றால் கிடை அளவுக்கு நிமிர்வு. 2 என்றால் 2 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம், அதாவது 50%. இறக்கத்துக்கு மைனஸ் போடவேண்டும். 2 சதவீதத்துக்கு 0.02 என்று அடிக்கக் கூடாது, அது 0.02 சதவீதம், கிட்டத்தட்டத் தட்டை. கமாண்ட் லைனில் என்ன கேட்கிறது என்று படித்துவிட்டு அடியுங்கள்.

பி.ஐ., எலிவேஷன் பாயின்ட் என்று இரண்டு வகைப் புள்ளிகள் ஏன்?

பி.ஐ. என்பது பிளானில் கோடு திரும்புகிற இடம். அதை நகர்த்தினால் கோட்டின் வடிவமே மாறும். எலிவேஷன் பாயின்ட் என்பது லெவல் மட்டும் மாறுகிற இடம். கோட்டின் மேலேயே முன்னும் பின்னும் நகரும், கோட்டை விட்டு விலகாது. எலிவேஷன் எடிட்டரில் முதலாவது முக்கோணமாகவும் இரண்டாவது வட்டமாகவும் தெரியும்.

நேரான 60 மீட்டர் கெர்ப்பின் நடுவில் ஒரு கேட்ச் பிட் (மழைத்தண்ணீர் இறங்கும் குழி) வருகிறது, அங்கே லெவல் தாழவேண்டும் என்றால் எலிவேஷன் பாயின்ட் போடுங்கள். அங்கே பி.ஐ. போட்டால், பிறகு யாராவது கிரிப்பை (புள்ளியின் பிடியை) தெரியாமல் இழுக்கும்போது நேரான கெர்ப் வளைந்துவிடும்.

ஒரு யார்டுக்கு லெவல் போடுவதை எண்களோடு காட்ட முடியுமா?

ஒரு கிடங்கு. முகப்பு 30 மீட்டர். முடிப்புத் தளம் 101.200. கட்டடத்தை ஒட்டிய யார்டு ஓரம் 150 மி.மீ. தாழ்வு, அதாவது 101.050, முழு நீளத்துக்கும் தட்டை. யார்டின் ஆழம் 18 மீட்டர். முன் ஓரத்தில் வடிகால். வடிகாலுக்கு 0.5% வாட்டம் வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது: மேற்கு மூலையில் 1.5% கொடுப்போம். 18 மீட்டருக்கு 0.27 இறக்கம், முன் மூலை 100.780. அங்கிருந்து கிழக்கே 30 மீட்டருக்கு 0.5% என்றால் 0.15 இறக்கம், கிழக்கு மூலை 100.630. பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் கிழக்குப் பக்கம் பின்னோரத்துக்கும் முன்னோரத்துக்கும் வித்தியாசம் 0.42. 18 மீட்டரில் அது 2.33%. பின் கோடு தட்டை, முன் கோடு சரிவு என்பதால் யார்டு முறுக்கிக்கொள்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் கிழக்குப் பக்கம் வந்தால் சிக்கல்: அமெரிக்காவில் ஏ.டி.ஏ. (மாற்றுத்திறனாளிகள் சட்டம்) விதிப்படி அந்த இடத்தில் எந்தத் திசையிலும் 48-க்கு 1, அதாவது சுமார் 2.08 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது.

இப்போது வடிகாலை இரண்டாகப் பிரித்து, நடுவில் ஒரு கேட்ச் பிட் வையுங்கள். இரண்டு முன் மூலைகளும் 100.780. நடுவில் ஒரு எலிவேஷன் பாயின்ட். 15 மீட்டருக்கு 0.5% என்றால் 0.075 இறக்கம், லெவல் 100.705. அங்கே குறுக்கு வாட்டம் 0.345-ஐ 18-ஆல் வகுத்தால் 1.92%. நீளவாட்டத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் சுமார் 1.98%-தான். அதே அவுட்லெட் எண்ணிக்கை, அதே கோடுகள். கூடுதலாக ஒரே ஒரு புள்ளி.

இதற்கு எத்தனை ஃபீச்சர் லைன் தேவைப்பட்டது? பின்னோரம் ஒன்று, முன்னோரம் ஒன்று. பக்கவாட்டு ஓரங்களுக்கு ஆளுக்கொன்று வைத்தால் நான்கு. யார்டின் நடுவில் எதுவும் வேண்டாம். நடுவில் இரண்டு கோடு சேர்த்தால் கான்டூர் அழகாகும் என்று நினைப்பவர்கள், மேலே சொன்ன 0.075-ஐ மாற்றவேண்டிவரும் அன்று அந்தக் கோடுகளைத் திட்டுவார்கள்.

தாழ்ந்த புள்ளி எங்கே வரும் என்று நானே கணக்குப் போடவேண்டுமா?

வேண்டாம். "இன்செர்ட் ஹை/லோ எலிவேஷன் பாயின்ட்" இருக்கிறது. இரண்டு முனைகளையும் காட்டி, இரண்டு பக்க கிரேடையும் கொடுத்தால், இரண்டு சரிவும் சந்திக்கும் இடத்தில் புள்ளி விழும். உதாரணமாக, 40 மீட்டர் இடைவெளியில் ஒரு முனை 50.200, மறுமுனை 50.300, இரண்டு பக்கமிருந்தும் 1% இறக்கம் என்றால், முதல் முனையிலிருந்து 15 மீட்டரில் 50.050 லெவலில் அது வரும். கேட்ச் பிட் வேறு இடத்தில்தான் வைக்கமுடியும் என்றால், அந்த இடத்தில் எலிவேஷன் பாயின்ட் போட்டு கிரேடுகளை நீங்கள் அனுசரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் தொடாத கோட்டின் லெவல் தானாக மாறிவிட்டது. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் ஒரே சொல்: சைட். இங்கே சைட் என்றால் வேலை நடக்கும் மனை அல்ல. ப்ராஸ்பெக்டரில் (டிராயிங்கில் உள்ளவற்றின் பட்டியலில்) இருக்கும் "சைட்ஸ்" என்ற தொகுப்பு. ஒரே சைட்டுக்குள் இருக்கும் ஃபீச்சர் லைன்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டினால், வெட்டும் இடத்தில் ஸ்ப்ளிட் பாயின்ட் என்று ஒரு புள்ளி தானாக முளைக்கும். ஒரே சைட்டில் ஒரே இடத்துக்கு இரண்டு லெவல் இருக்க முடியாது. அதனால் ஒன்று மற்றொன்றுக்கு விட்டுக்கொடுக்கும். இரண்டுக்கும் ஒரே ஸ்டைல் என்றால், கடைசியாக எதைத் திருத்தினீர்களோ அதன் லெவல்தான் ஜெயிக்கும். ஸ்டைல் வேறு வேறு என்றால், எந்த ஸ்டைலுக்கு முன்னுரிமை என்று வரிசைப்படுத்தி வைக்கலாம். பலர் அதைத் தொடுவதே இல்லை.

ஆகவே காலையில் வாய்க்காலின் அடியைச் சரிசெய்தீர்கள். மதியம் அதைக் குறுக்கே வெட்டிப் போகும் நடைபாதை ஓரத்தை 10 செ.மீ. உயர்த்தினீர்கள். வாய்க்காலும் அந்த இடத்தில் உயர்ந்து, நடுவில் ஒரு மேடு வந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. மனை எல்லைக்காக பார்சல் போட்டிருந்தால் அந்தக் கோடுகளும் இந்த ஆட்டத்தில் சேரும். பார்சல் கோட்டின் லெவல் பூஜ்யமாக இருந்து, உங்கள் கோடு அந்த இடத்தில் மட்டும் நூறு மீட்டர் கிணறாக விழுவதைப் பார்த்தால் பயப்படாதீர்கள், காரணம் இதுதான்.

ஸ்ப்ளிட் பாயின்ட் நிலையான புள்ளியும் அல்ல. ஆளும் கோட்டின் கிரேடு மாறினால் அதுவும் மாறும். அங்கே லெவலைப் பிடித்துவைக்க வேண்டுமென்றால் அதே இடத்தில் எலிவேஷன் பாயின்ட் செருகிவிடுங்கள்.

அப்படியென்றால் எல்லாக் கோட்டையும் தனித்தனி சைட்டில் போட்டுவிடலாமா?

வேண்டாம். சைட்டின் இந்தக் குணம் நமக்குப் பல இடங்களில் வேலைக்காகும். கட்டட மேடையின் மூலையில் வாய்க்கால் தொடங்குகிறது என்றால், இரண்டு கோடுக்கும் அந்த மூலையில் பி.ஐ. ஒன்றாக இருந்து, இரண்டும் ஒரே சைட்டில் இருந்தால், மேடையை உயர்த்தும்போது வாய்க்காலின் தலையும் கூடவே உயரும். அதைத்தானே நாம் விரும்புகிறோம்?

சேர்ந்து நகரவேண்டியவை ஒரே சைட்டில், சம்பந்தமில்லாதவை வேறு சைட்டில். முடிப்புத் தளக் கிரேடிங் ஒன்று, குளம் ஒன்று, தற்காலிக மண் அணை, வண்டல் குழி போன்ற கட்டுமானக் கால வேலைகள் ஒன்று, பார்சல்கள் தனியாக ஒன்று. நடுத்தர வேலைக்கு இவ்வளவு போதும். புதிய பதிப்புகளில் எந்த சைட்டிலும் சேராத ஃபீச்சர் லைனையும் உருவாக்கலாம். தற்காலிகக் கோடுகளுக்கும் சோதனைக்கும் அது வசதி.

"கிராசிங் பிரேக்லைன்" என்று ஈவன்ட் வியூவரில் வரிசையாக எச்சரிக்கை வருகிறது. என்ன செய்வது?

ஃபீச்சர் லைன்களை சர்ஃபேஸில் பிரேக்லைனாக (முக்கோணங்கள் தாண்டக்கூடாத கோடாக) சேர்க்கும்போது, இரண்டு கோடுகள் வேறு வேறு லெவலில் வெட்டிக்கொண்டால் இந்த எச்சரிக்கை வரும். வேறு சைட்டுகளில் இருப்பவை ஒன்றையொன்று பார்க்காது அல்லவா, அந்த முரண் இங்கேதான் வெளியே வரும்.

சர்ஃபேஸ் ப்ராப்பர்ட்டீஸில் வெட்டும் பிரேக்லைன்களை அனுமதிக்கலாம். முதல் கோட்டின் லெவலா, கடைசிக் கோட்டின் லெவலா, சராசரியா என்று தேர்ந்தெடுக்கவும் செய்யலாம். எச்சரிக்கை உடனே மறைந்துவிடும். ஆனால் சராசரியை மட்டும் ஒருபோதும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு கோடு 101.05 என்கிறது, இன்னொன்று 100.65 என்கிறது, சராசரி 100.85 யாருடைய டிசைனும் அல்ல. எச்சரிக்கையில் காட்டும் இடத்துக்கு ஜூம் பண்ணிப் போய், அந்த இடத்தின் சொந்தக்காரன் யார் என்று முடிவு செய்து, மற்றதைக் கத்தரியுங்கள். பத்து எச்சரிக்கைகள் என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று கோடுகளின் வேலையாகத்தான் இருக்கும்.

கெர்ப்புக்கு நேர்ச்செங்குத்தாக 150 மி.மீ. கொடுக்க முடியவில்லையே?

முடியாது. முக்கோண சர்ஃபேஸில் ஒரு இடத்துக்கு ஒரு லெவல்தான். அதனால் கெர்ப்பின் அடிக்கோட்டிலிருந்து "ஸ்டெப்டு ஆஃப்செட்" மூலம் 0.01 மீட்டர் தள்ளி, 0.15 உயர்த்தி மேல்கோட்டை எடுங்கள். அப்புறம் கெர்ப்பின் அகலத்துக்கு இன்னொரு ஆஃப்செட். தடுப்புச்சுவருக்கும் இதே வழி.

நீளமான கெர்ப் என்றால் இன்னொரு வழி உண்டு. அடிக்கோட்டு ஃபீச்சர் லைனையே காரிடாருக்கு பேஸ்லைனாக (அடிப்படைக் கோடாக) கொடுத்து, கெர்ப் அசெம்ப்ளியை (குறுக்குவெட்டு வடிவத்தை) அதன்மேல் ஓட்டலாம். அடிக்கோட்டின் லெவலை மாற்றினால் கெர்ப் முழுதும் கூடவே மாறும். யார்டு வேலை அடிக்கடி மாறும் என்று தெரிந்தால் இந்த வழிக்கு முதலில் எடுக்கும் நேரம் வீண்போகாது.

குளத்தின் கரையை எப்படி எடுப்பது? கிரேடிங் ஆப்ஜெக்டா, ஸ்டெப்டு ஆஃப்செட்டா?

குளத்தின் அடியை மூடிய ஃபீச்சர் லைனாக வரையுங்கள். மூலைகளை ஃபீச்சர் லைனுக்கான ஃபில்லட் கட்டளையால் வளையுங்கள். 1.5 மீட்டர் ஆழம், 3-க்கு 1 கரை என்றால் 4.5 மீட்டர் வெளியே ஆஃப்செட், 1.5 மீட்டர் உயரம். கரையின் மேல் நடைவழிக்கு 3 மீட்டர் ஆஃப்செட், உள்நோக்கி 2% வாட்டம். அடி தட்டையாக இல்லாமல் அவுட்லெட்டை நோக்கிச் சரிந்திருந்தால் கவனியுங்கள். ஸ்டெப்டு ஆஃப்செட் ஒவ்வொரு புள்ளியையும் அதே அளவுதான் உயர்த்தும். கரையின் மேல் விளிம்பும் சரிந்துவிடும். கரைமேல் தட்டையாக இருக்கவேண்டும் என்றால் மேலிருந்து கீழே போங்கள், அல்லது குறிப்பிட்ட லெவல்வரை போகும் கிரேடிங் ஆப்ஜெக்டைப் பயன்படுத்துங்கள்.

கிரேடிங் ஆப்ஜெக்ட் என்பது ஒரு கோட்டிலிருந்து இலக்குவரை சரிவைத் தானே போடுவது. அது நான்கு இலக்குகளை ஏற்கும்: சர்ஃபேஸ், லெவல், லெவல் வித்தியாசம், தூரம். அடிக்கோட்டை மாற்றினால் தானே புதுப்பித்துக்கொள்ளும். ஸ்டெப்டு ஆஃப்செட்டில் பிறந்த கோடு தனிக்கோடு. தாய்க்கோடு நகர்ந்தால் அது நகராது. அப்படியானால் ஏன் எல்லோரும் கிரேடிங் ஆப்ஜெக்டையே பயன்படுத்துவதில்லை? உள்நோக்கி மடங்கும் மூலைகள், அடுத்தடுத்து முட்டிக்கொள்ளும் இரண்டு கரைகள் என்று வந்தால் அது அடிக்கடி அடம்பிடிக்கும், சில சமயம் டிராயிங்கையே தொங்கவிடும். என் வழக்கம்: வடிவம் எனக்குத் தெரிந்த இடமெல்லாம் ஸ்டெப்டு ஆஃப்செட். கரை போய் இயற்கைத் தரையைத் தொடும் கோடு எங்கே விழும் என்று தெரியாத இடத்தில் மட்டும், வெளிவிளிம்புக்கு ஒரு கிரேடிங் ஆப்ஜெக்ட். அதையும் தனி சைட்டில்.

தரை சர்ஃபேஸிலிருந்து லெவல் எடுத்ததும் ஒரே கோட்டில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் வந்துவிட்டன!

"எலிவேஷன்ஸ் ஃப்ரம் சர்ஃபேஸ்" கட்டளையில் இடைப்பட்ட கிரேடு முறிவுகளையும் செருகு என்ற டிக்கை எடுக்காமல் விட்டிருப்பீர்கள். கோடு கடக்கும் ஒவ்வொரு முக்கோண விளிம்பிலும் ஒரு புள்ளி விழும். லைடார் (லேசர்) சர்வே என்றால் கேட்கவே வேண்டாம். ஏற்கனவே உள்ள தார் ரோட்டின் ஓரத்தோடு மிகத் துல்லியமாக ஒட்டவேண்டிய இடத்தில் மட்டும் அந்த டிக் வேண்டும். மற்றபடி எடுத்துவிடுங்கள். வந்துவிட்டதைக் குறைக்க "வீட் ஃபீச்சர்ஸ்" இருக்கிறது.

சர்ஃபேஸுக்கு ஒப்பாக, அதைவிட இவ்வளவு உயரம் என்று லெவல் கொடுக்கும் வசதியும் புதிய பதிப்புகளில் உண்டு. சர்வே மாறினால் கோடும் மாறும். ஒரே எச்சரிக்கை: எந்த சர்ஃபேஸைப் பார்த்து லெவல் எடுக்கிறதோ, அதே சர்ஃபேஸில் அந்தக் கோட்டைப் பிரேக்லைனாகச் சேர்க்காதீர்கள்.

வளைவுகளில் கான்டூர் உடைந்து உடைந்து வருகிறது.

பிரேக்லைன் சேர்க்கும் டயலாக்கில் மிட்-ஆர்டினேட் டிஸ்டன்ஸ் என்ற எண்ணைப் பாருங்கள். ஆர்க்குக்கும் அதற்குப் பதிலாகப் போடும் நேர்கோட்டுக்கும் நடுவே எவ்வளவு விலகல் இருக்கலாம் என்பது அது. அங்கே 1 மீட்டர் இருந்தால், 6 மீட்டர் ரேடியஸ் உள்ள கால்வட்டம் இரண்டே துண்டாகிவிடும். 0.01 கொடுத்தால் 14 துண்டு. கெர்ப் மூலைகளுக்கு 0.01 நல்லது. பெரிய குளக்கரைக்கு 0.1 போதும்.

மண்வேலைக் கணக்குக்கு இந்த சர்ஃபேஸையே கொடுக்கலாமா?

கூடாது. நீங்கள் ஃபீச்சர் லைன்களில் போட்டது முடிப்பு லெவல். மண் வெட்டுவது, நிரப்புவது எல்லாம் சப்கிரேடு (பேவ்மென்ட்டுக்கு அடியில் உள்ள மண்தளம்) லெவலுக்கு. யார்டில் 450 மி.மீ. பேவ்மென்ட் என்றால், முடிப்பு சர்ஃபேஸை ஒரு புதிய சர்ஃபேஸில் பேஸ்ட் செய்து, பேவ்மென்ட் உள்ள பகுதியை எல்லைக்கோட்டால் பிரித்து, 0.45 இறக்கவேண்டும். கட்டடத்துக்குக் கீழே வேறு கனம், புல்தரைக்கு மேல்மண் கனம் வேறு. அப்புறம்தான் இயற்கைத் தரையோடு ஒப்பிட்டு மண் அளவைக் கணக்கிடும் வால்யூம் சர்ஃபேஸ். வெட்டும் நிரப்பும் சரியாக வரவில்லை என்றால் கோடுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து "ரெய்ஸ்/லோயர்" மூலம் ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். ரோட்டோடு ஒட்டும் கோட்டை அந்தத் தேர்வில் சேர்த்துவிடாதீர்கள்.

எவ்வளவு வாட்டம் கொடுப்பது நல்லது?

வேலை நடக்கும் ஊரின் விதிதான் முதலில். பொதுவான நடைமுறை என்றால், கான்கிரீட் வடிகால் அடிக்குக் குறைந்தது 0.5%, தார் பரப்புக்கு 1%, புல்தரைக்கு 2%. அமெரிக்க வீடு வேலை என்றால் அஸ்திவாரத்திலிருந்து முதல் 10 அடியில் 6 அங்குலம் தரை தாழவேண்டும் என்பது அங்குள்ள குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் விதி, அது 5%. ராம்புக்கு அதிகபட்சம் 12-க்கு 1. டிசைனில் 12-க்கு 1 என்று முழு எல்லையில் போட்டால், கான்கிரீட் போடும்போது கொஞ்சம் பிசகினாலும் விதி மீறிவிடும். 8.33 சதவீதத்துக்குப் பதில் 8 போடுங்கள்.

முடித்த பிறகு எப்படிச் சரிபார்ப்பது?

கான்டூர் இடைவெளியை 0.1 மீட்டருக்குக் குறைத்துப் பாருங்கள். 0.5-ல் ஒளிந்திருந்த பள்ளமெல்லாம் வெளியே வரும். மூடிய வட்டமாக ஒரு கான்டூர் தெரிந்தால், அது உச்சியா பள்ளமா என்று பாருங்கள். பள்ளம் என்றால் அங்கே கேட்ச் பிட் இருக்கவேண்டும். அப்புறம் "வாட்டர் டிராப்" கட்டளையை எடுத்து, கட்டடத்தைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் சொடுக்குங்கள். தண்ணீர் போகும் வழியைக் கோடாக வரைந்து காட்டும். எந்தக் கோடாவது கதவை நோக்கித் திரும்பினால், தப்பு எங்கே என்று தேடவே வேண்டாம், அங்கேதான். ஆப்ஜெக்ட் வியூவரில் 3டி-யாகச் சுற்றிப் பார்த்தால், லெவல் பூஜ்யத்தில் விட்டுப்போன ஒற்றைப் புள்ளி ஈட்டிபோலக் கீழே நிற்கும்.

கான்ட்ராக்டர் சிவில் 3டி இல்லை என்கிறார். என்ன கொடுப்பது?

சர்ஃபேஸை லேண்ட்எக்ஸ்எம்எல் ஃபைலாகக் கொடுங்கள். சர்வே கருவிகளும் மெஷின் கன்ட்ரோல் சாஃப்ட்வேர்களும் பொதுவாக அதைப் படிக்கும். கோடுகளும் கேட்டால், டிராயிங்கை வேறு பெயரில் சேமித்து, அந்தப் பிரதியில் ஃபீச்சர் லைன்களை எக்ஸ்ப்ளோடு செய்யுங்கள். 3டி பாலிலைனாகிவிடும், வளைவுகள் சிறு துண்டுகளாகும். மூல ஃபைலில் மட்டும் எக்ஸ்ப்ளோடு செய்துவிடாதீர்கள். கொடுக்கும் பிரதியில் சோதனைக் கோடுகளையும் பழைய ஆஃப்செட்களையும் அழித்துவிட்டு அனுப்புங்கள். ஒரே ஓரத்தில் இரண்டு லெவலில் இரண்டு கோடு கிடந்தால், வேலையிடத்தில் இருப்பவர் எதை எடுப்பார் என்று சொல்ல முடியாது.